பைசெப்ஸ் தசையில் ஈ.எம்.ஜி. எடுப்பது எப்படி?

தசை இறுகும்போது அதன் இழைகளில் மின்துடிப்பு ஓடும். தோலில் ஒட்டிய மின்முனைகள் அதைப் பிடிப்பதே ஈ.எம்.ஜி. நடை ஆய்வுக்கும் செயற்கைக் கையை இயக்கவும் இது பயன்படுகிறது. தோலுக்கு வந்து சேர்வது அதிகபட்சம் சில மில்லிவோல்ட்தான். அதனால் ஒட்டுவதில் செய்த தவறை எந்த மென்பொருளும் முழுதாகச் சரிக்கட்டாது.

1. தோலைத் தயார் செய்யுங்கள். முடி இருந்தால் மழியுங்கள். ஸ்பிரிட் நனைத்த பஞ்சால் துடைத்து, உலர்ந்த பிறகே ஒட்டுங்கள்.

2. இடத்தைக் குறியுங்கள். தோள் எலும்பு முனையிலிருந்து முழங்கை மடிப்பு வரை கோடு போட்டு, மடிப்பிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மேலே வாருங்கள். ஐரோப்பாவின் ‘செனியம்’ வழிகாட்டுதல் பரிந்துரைக்கும் இடம் அது. இரு மின்முனைகளையும் மையத்துக்கு மையம் 20 மி.மீ. விட்டு, இழை ஓடும் திசையிலேயே ஒட்டுங்கள். ஒப்பீட்டு மின்முனை மணிக்கட்டில் இருக்கட்டும்.

3. ஒயர்களை டேப் போட்டு அசையாமல் நிறுத்துங்கள். பேட்டரியில் ஓடும் கருவியையே பயன்படுத்துங்கள். மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிடுங்கள். மின்சார இரைச்சல் குறையும்; பாதுகாப்புக்கும் அதுவே நல்லது.

4. பதிவு செய்யுங்கள். நொடிக்குக் குறைந்தது 1,000 மாதிரிகள். வடிகட்டி 20 முதல் 450 ஹெர்ட்ஸ் வரை. கை தளர்ந்திருக்கையில் கோடு ஏறக்குறையத் தட்டையாக ஓடும். மடக்கினால் புதர்போல அடர்ந்து எழும். தளர்ந்த நிலையிலும் சீரான அலை தெரிந்தால் அது 50 ஹெர்ட்ஸ் மின்சார இரைச்சல். மின்முனைகளைக் கழற்றிப் புதிதாக ஒட்டுங்கள்.

5. அளவுகோல் வையுங்கள். முழு பலத்தோடு 3 முதல் 5 நொடி மடக்கச் சொல்லுங்கள். இடையே ஓய்வு கொடுத்து மூன்று முறை செய்து, மிக உயர்ந்ததை 100 சதவீதமாகக் கொள்ளுங்கள். கொழுப்புப் படலம் ஆளுக்கு ஆள் மாறும்; ஒட்டும் இடமும் நாளுக்கு நாள் சற்றே நகரும். இந்த அளவுகோல் இல்லாமல் இருவரை ஒப்பிடக் கூடாது. சதவீதத்தை நேரடியாக விசையாகவும் படிக்காதீர்கள்: களைத்த தசை அதே எடையைத் தாங்கும்போதும் அலை பெரிதாகலாம்.

6. செயற்கைக் கையோடு இணையுங்கள். அலையின் கீழ்ப்பாதியை மேலே மடித்துச் சமப்படுத்துங்கள். ஓய்வுநிலைச் சராசரியோடு மூன்று திட்டவிலக்கம் கூட்டினால் தொடக்க வரம்பு கிடைக்கும். இயக்கத்தைத் தொடங்க ஒன்று, நிறுத்த அதைவிடத் தாழ்வாக ஒன்று என இரண்டு வரம்பு வைத்தால் செயற்கைக் கை படபடக்காது. அதிகம் சமப்படுத்தினால் கை தாமதித்து நகரும். மொத்தத் தாமதம் 300 மில்லிநொடியைத் தாண்ட வேண்டாம்.

முன்கையின் கீழ்ப்பகுதியை இழந்தவருக்கு, இல்லாத விரல்களை மடக்குவதாக நினைக்கச் சொல்லி, எஞ்சிய தசை எங்கே புடைக்கிறது என்று தொட்டுப் பார்த்து அங்கே ஒட்டுங்கள். வியர்வை அலையின் அளவை மாற்றிவிடும் என்பதால், ஒவ்வொரு முறை மாட்டும்போதும் வரம்பைப் புதிதாக அமையுங்கள்.