மாத்திரையா, நடையா? எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

காய்ச்சல் வந்தது. மருந்து சாப்பிட்டோம். காய்ச்சல் போனது. மருந்தால் போனதா? தானாகவே போனதா? ஒருவரை மட்டும் பார்த்து இதைச் சொல்ல முடியாது. பல பேரைப் பார்க்க வேண்டும். எண்ண வேண்டும். ஒப்பிட வேண்டும். இதுதான் மருத்துவ ஆராய்ச்சி.

தடாவிலிருந்து சென்னைக்கு ரயிலில் போகிறோம். வைத்தியத்துக்கும் அங்கே போய் வருகிறோம். அந்தச் சென்னையில் நடந்த இரண்டு ஆராய்ச்சிகளைப் பார்ப்போம்.

சர்க்கரை நோயைத் தடுக்க முடியுமா?

சர்க்கரை நோய் ஒரே நாளில் வருவதில்லை. முதலில் இரத்தத்தில் சர்க்கரை கொஞ்சம் கூடும். அப்போதே தடுக்க முடியுமா? மருத்துவர் ஏ. ராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும் இதை ஆராய்ந்தார்கள். சர்க்கரை கொஞ்சம் கூடியிருந்த 531 பேரை நான்கு குழுக்களாகப் பிரித்தார்கள்.

முதல் குழுவுக்கு வழக்கமான ஆலோசனை மட்டும்.
இரண்டாம் குழுவுக்குத் தினமும் அரை மணி நேரம் வேக நடை, உணவுக் கட்டுப்பாடு.
மூன்றாம் குழுவுக்கு மெட்ஃபார்மின் மாத்திரை.
நான்காம் குழுவுக்கு நடை, உணவுக் கட்டுப்பாடு, மாத்திரை எல்லாம்.

சுமார் இரண்டரை ஆண்டுகள் கவனித்தார்கள். 2006-இல் முடிவு வெளிவந்தது. முதல் குழுவில் 100-க்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. மற்ற மூன்று குழுக்களிலும் 100-க்குச் சுமார் 40 பேருக்கே வந்தது.

நடையும் உணவுக் கட்டுப்பாடும் மாத்திரைக்கு இணையாகப் பலன் தந்தன. நடப்பதற்குக் காசு வேண்டாம். ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. இது நோய் வருவதற்கு முன் உள்ளவர்களிடம் செய்த ஆராய்ச்சி. நோய் வந்தவர்கள் மாத்திரையைத் தாங்களாக நிறுத்தக் கூடாது.

நம்மைக் காப்பவரைக் காப்பது எப்படி?

2020 மே மாதம். கொரோனா பரவிய நேரம். சென்னையில் 62 சுகாதாரப் பணியாளர்கள் வீடு வீடாகப் போனார்கள். மாஸ்க், கையுறை எல்லாம் அணிந்திருந்தார்கள். 5,880 வீடுகளுக்குப் போனார்கள். அவர்களில் 12 பேருக்குத் தொற்று வந்தது.

பிறகு மற்ற 50 பேரும் மாஸ்க்குக்கு மேல் இன்னொன்றும் அணிந்தார்கள். அது முகம் முழுவதையும் மறைக்கும், கண்ணாடி போன்ற பிளாஸ்டிக் தகடு. ஜூன் கடைசிக்குள் 18,228 வீடுகளுக்குப் போனார்கள். ஒருவருக்கும் தொற்று வரவில்லை.

தகடு உதவியது என்று தோன்றுகிறது. ஆனால் இங்கே ஒரு குறை உண்டு. தகடு அணியாத இன்னொரு குழு அதே நாட்களில் இல்லை. அதனால் தகடு மட்டுமே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. முதல் ஆராய்ச்சியில் நான்கு குழுக்களும் ஒரே காலத்தில் இருந்தன. அதனால் அதன் முடிவு உறுதியானது.

நம் கையெழுத்து

மக்கள் சேர்ந்தால்தான் ஆராய்ச்சி நடக்கும். நாளை நம்மையும் சேரச் சொல்லலாம். ஒரு படிவம் தருவார்கள். அதில் உடனே கையெழுத்துப் போட வேண்டாம். புதிய மருந்து ஆராய்ச்சிக்கு 2019-இல் வந்த விதிகள் உள்ளன. அவை நமக்குத் தரும் உரிமைகள் இவை:

1. தமிழோ தெலுங்கோ, நமக்குப் புரியும் மொழியில் விளக்க வேண்டும்.
2. படிக்கத் தெரியாதவருக்கு விளக்கும்போது, ஆராய்ச்சியைச் சேராத ஒரு சாட்சி கூடவே இருக்க வேண்டும்.
3. விருப்பம் இல்லாவிட்டால் சேர வேண்டாம். சேர்ந்த பிறகும் விலகலாம். அதற்காக வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.
4. ஆராய்ச்சியால் உடலுக்குக் கேடு வந்தால் இலவச சிகிச்சையும் இழப்பீடும் உண்டு.

படிப்போம். கேட்போம். புரிந்த பிறகு கையெழுத்துப் போடுவோம்.

பேசுவோம்

1. முதல் குழுவுக்கு ஏன் ஆலோசனை மட்டும் கொடுத்தார்கள்?
2. நம் ஊரில் அரை மணி நேரம் நடக்க நல்ல இடம் எது?
3. ஆராய்ச்சிப் படிவம் தந்தால் என்ன கேள்விகள் கேட்பீர்கள்? மூன்று கேள்விகள் எழுதுங்கள்.