குவித்த வெயிலால் என்ன முடியும், என்ன முடியாது?

விண்வெளியில் ஒரு மாபெரும் ஆடியை நிறுத்திப் பகைவர் நகரத்தைப் பொசுக்கிவிடலாம் என்ற நம்பிக்கை திரைப்படக்காரர்கள் கிளப்பியதல்ல. 1920களில் ராக்கெட் முன்னோடி ஹெர்மன் ஓபெர்த் விண்வெளி ஆடிகளைப் பற்றி எழுதினார். இரண்டாம் உலகப்போரில் ஜெர்மானியர் அதை ஆயுதமாக்க எண்ணினர். 8,200 கி.மீ. உயரத்தில் 9 சதுர கி.மீ. ஆடி என்ற அந்தத் திட்டத்தை 1945-இல் ‘லைஃப்’ இதழ் படத்தோடு வெளியிட்டது.

நடக்காது. காரணம், சூரியன் நம் கண்ணுக்கு ஒரு புள்ளி அல்ல. அரை பாகை அகலமுள்ள வட்டம். அதன் ஒளியை எந்த ஆடியால் திருப்பினாலும், விழும் வெளிச்சத்தின் அகலம் தொலைவில் ஏறக்குறைய 107-இல் ஒரு பங்குக்குக் குறையாது. 8,200 கி.மீ. தொலைவுக்கு அது 76 கி.மீ. ஒன்பது சதுர கி.மீ. வெயிலை 4,500 சதுர கி.மீ. பரப்பில் தூவினால், அங்கே ஏற்கெனவே அடிக்கும் வெயிலோடு ஐந்நூறில் ஒரு பங்கு கூடும், ஒருவருக்கும் வியர்க்காது. 1993-இல் ரஷ்யா 20 மீட்டர் அகலமுள்ள ‘ஸ்னாம்யா’ ஆடியை விண்ணில் விரித்தபோது, ஐரோப்பாவைக் கடந்துபோனது சுமார் 5 கி.மீ. அகலத்தில் நிலவொளி போன்ற ஒரு வெளிச்சம்தான்.

ஆடிக்குப் பக்கத்திலேயே குவித்தால் கதை வேறு. அப்போதும் ஒரு வரம்பு உண்டு. ஆடியைப் பெரிதாக்கிக்கொண்டே போனால் சூரியனையும் மிஞ்சிய வெப்பம் கிடைக்கும் என்பது தவறு. குளிர்ந்த பொருளிலிருந்து சூடான பொருளுக்கு வெப்பம் தானாகப் பாயாது. எனவே சூரியப் பரப்பின் வெப்பநிலையான சுமார் 5,500 பாகை செல்சியசைத் தாண்ட வழியில்லை. பூமிக்கு அருகே, வெற்றிடத்தில், வெயிலைக் குறையே இல்லாமல் குவித்தாலும் ஏறத்தாழ 46,000 மடங்குதான்.

விண்வெளியில் வெயில் பல மடங்கு கடுமை என்பதும் மிகை. அங்கே சதுர மீட்டருக்கு 1,361 வாட். தெளிந்த உச்சிப்பகலில் தரையில் ஏறத்தாழ 1,000 வாட். மேகம் மறைப்பதில்லை, காற்றும் இல்லாததால் ஆடியை மெல்லிய படலத்தாலேயே செய்யலாம் என்பதுதான் உண்மையான ஆதாயம்.

விண்கலத்தில் குவித்த வெயிலால் மின்சாரம் எடுக்கலாம் என்றால், பூமியின் நிழலுக்குள் போனால் அது நின்றுவிடுமே என்பார்கள். நாசா 1990களின் நடுவில் கிளீவ்லாந்தில் ஒரு வெற்றிடக் கூடத்தில் இதைச் சோதித்தது. குவித்த வெயில் ஃபுளோரைடு உப்பைச் சுமார் 770 பாகையில் உருக்கியது; நிழல் நேரத்தில் அந்த உப்பு உறையும்போது விட்ட வெப்பம் டர்பைனை ஓட்டியது. சுமார் 2 கிலோவாட் கிடைத்தது. ஆனாலும் பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்குச் சூரியத் தகடுகளே போயின. குவியாடி சூரியனை இம்மி பிசகாமல் பார்த்தபடி இருக்க வேண்டும்; தகடு சில பாகை விலகினாலும் பொறுத்துக்கொள்ளும்.

குவித்த வெயிலின் இன்னொரு பயன் சூரிய வெப்ப ராக்கெட். அதைப் பலர் சூரியப் பாயோடு குழப்புகிறார்கள். பாயை ஒளியே தள்ளுகிறது. இதிலோ, குவித்த வெயில் ஹைட்ரஜனை 2,000 பாகைக்கு மேல் சூடாக்குகிறது; அது நொடிக்குச் சுமார் 8 கி.மீ. வேகத்தில் பீறிடுகிறது. மிகச் சிறந்த வேதி ராக்கெட்டிலும் அது நாலரை கி.மீ.தான். ராக்கெட் பொறியாளர் கிராஃப்ட் எரிக்கே 1956-இலேயே முன்வைத்த யோசனை இது.

ஆனால் இதில் தரையிலிருந்து கிளம்ப முடியாது. நூறு சதுர மீட்டர் ஆடி ஏந்தும் 136 கிலோவாட்டும் வீணாகாமல் உந்துவிசையானாலும், மூன்றரை கிலோவைத் தாங்கும் விசைதான் கிடைக்கும். தாழ்ந்த சுற்றுப்பாதையிலிருந்து புவிநிலைப் பாதைக்குச் செயற்கைக்கோளை வாரக்கணக்கில் மெல்ல உயர்த்த அது போதும். அந்த வாரங்கள் முழுவதும் திரவ ஹைட்ரஜனை −253 பாகையில் ஆவியாகிப் போகாமல் காக்க வேண்டும். ஆடியை விடக் கடினமான வேலை அதுதான் என்பது என் எண்ணம்.