பழைய மரப்படகைப் புதுப்பிக்கும் முறை

கம்பம் பள்ளத்தாக்கின் வயல்களையும் தோட்டங்களையும் வளர்க்கும் நீர், மேற்கு மலைக்கு அப்பாலுள்ள பெரியாற்று ஏரியினின்று குகைவழியாக வருவதென்பதை நம் மாணவர் அறிவர். கர்னல் ஜான் பென்னிகுயிக் தலைமையில் 1887-இல் தொடங்கிய அணைவேலை 1895-இல் நிறைவுற்றது. அவ்வாண்டு அக்டோபர் மாதத்தில் சென்னை ஆளுநர் வென்லாக் பிரபு அதனைத் திறந்து வைத்தார். அணையைப் பார்வையிடும் பொறியாளர் இன்றும் பெரும்பாலும் தேக்கடித் துறையிற் படகேறியே செல்கின்றனர். ஆதலின் படகு நமக்கு வெறும் உல்லாசப் பொருளன்று. யந்திரம் பூட்டிய பழைய மரப்படகு ஒன்றைப் புதுப்பிக்க முற்படுவோர் அறியவேண்டியவற்றைச் சுருங்கக் கூறுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மரத்தின் இயல்பு

அணை கட்டியபோது நீரில் ஆழ்ந்த காட்டு மரங்களின் அடிகள், நூற்றாண்டு கடந்தும் அவ்வேரியின் நடுவே நிற்பதைச் சென்றவர் கண்டிருப்பர். அதே 1895-ஆம் ஆண்டின் கடுங்குளிரில், இங்கிலாந்தின் அல்ஸ்வாட்டர் ஏரியில் ‘டாலி’ என்னும் சிறு நீராவிப் படகு மூழ்கிற்று. ஏறத்தாழ 1850-இல் கட்டப்பெற்ற அம்மரப்படகு 1962-இல் மேலே கொணரப்பட்டுச் செப்பனிடப்பெற்றுத் தன் பழைய யந்திரத்தினாலேயே மீண்டும் ஓடிற்று.

இவை அழியாதிருந்த காரணம் யாது? மரத்தை உளுக்கச் செய்வது ஒருவகைக் காளான். அது வாழ்வதற்கு ஈரமும் வேண்டும், காற்றும் வேண்டும். ஆழ்நீரிற் காற்றுக் குறைவு. நன்கு உலர்ந்த மரத்தில் ஈரமில்லை. நனைவதும் உலர்வதுமாக மாறிமாறி வரும் இடத்திலேயே கேடு விளைகின்றது. எனவே புதுப்பிப்போன் முதலில் நோக்க வேண்டியது கண்ணுக்கு இனிய மேற்புறத்தை அன்று. நீர்மட்டக் கோட்டையும், மேற்றளத்தின் அடியில் மழைநீர் கசியும் மூலைகளையும், பலகைகளின் முனைகளையும், யந்திரத்தைத் தாங்கும் கட்டைகளின் அடிப்பாகத்தையுமே ஆகும். மரச்சுத்தியால் தட்டினால் நல்ல மரம் கணீரென ஒலிக்கும். உளுத்த மரம் மந்தமாக ஒலிக்கும். ஐயமுள்ள இடத்தில் கூரிய ஊசியால் குத்திப் பார்த்தல் வேண்டும். கடலிலே மரத்தைத் துளைக்கும் கப்பற்புழு நன்னீர் ஏரியில் இல்லை. ஆயினும் நீரிலிருக்கும் மரக்கட்டைகள் மோதிய வடுக்களைத் தேடுதல் இங்கு இன்றியமையாதது.

உடலைச் சீர்ப்படுத்தல்

படகைக் கரையேற்றியதும் அடிமரத்தின் நீளம் முழுவதும் பல இடங்களில் முட்டுக் கொடுக்க வேண்டும். நீர் எங்கும் ஒருசீராகத் தாங்கிய உடலை இரண்டே இடங்களில் தாங்கினால் அது வளைந்து தன் வடிவத்தை இழக்கும். கெட்ட பலகைகளை ஒருசேரக் கழற்றுதலும் தவறு. ஒன்றைக் கழற்றி, அதன் அளவிலேயே புதியதைப் பொருத்தியபின் மற்றொன்றைத் தொடுதல் வேண்டும். துருப்பிடித்த இரும்பாணி தன்னைச் சுற்றிய மரத்தையும் கெடுக்குமாதலால், செம்பாணி அல்லது வெண்கல ஆணியே சிறந்தது.

பலகைகளின் இடைவெளியில் பஞ்சுத் திரியைச் செலுத்தி, குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சிய கலவை முதலியவற்றால் அடைப்பதைக் கலப்பற்று என்பர். நோவாவின் பேழைக்குக் கீல் பூசிய செய்தியை வேதத்திற் படித்தோர் இதன் தொன்மையை உணர்வர். இங்கே ஓர் எச்சரிக்கை. நெடுநாள் வெயிலிற் கிடந்த படகின் பலகைகள் சுருங்கியிருக்கும். இடைவெளிகள் அகன்று தோன்றும். அதைக் கண்டு அளவுக்கு மிஞ்சிப் பஞ்சைத் திணித்தால், நீரில் இறங்கிய பின் பலகைகள் ஊறிப் பருத்து, இடமின்றி நெருக்கி, விலாக்கட்டைகளையே முறிக்கக் கூடும். ஆதலால் அளவாக அடைத்து நீரிலிறக்கி, சில நாள்கள் ஊறவிட்டு, உட்புகும் நீரை இறைத்துக்கொண்டு பொறுத்திருப்பதே முறை.

யந்திரம்

ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் மோட்டார் வண்டி செய்யத் தொடங்கிய வால்ட்டர் பெர்கியஸ், 1906-இல் தம் யந்திரத்தை ஒரு படகிற் பூட்டினார். அதிலிருந்து ‘கெல்வின்’ என்னும் புகழ்பெற்ற படகு யந்திரங்கள் தோன்றின. அவற்றுட் பல, பெட்ரோலாற் புறப்பட்டு, சூடேறியபின் மண்ணெண்ணெயால் ஓடுவன.

இத்தகைய பழைய யந்திரம் இறுகிக் கிடப்பின், வலிந்து சுழற்றலாகாது. ஸ்பார்க் பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெயும் மசகெண்ணெயும் கலந்து சிலிண்டருக்குள் ஊற்றிப் பல நாள் விடுக. பின்னர்ச் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னுமாக மெல்ல அசைத்தால் பிஸ்டன் தானே இளகும். சிலிண்டரைச் சூழ்ந்த குளிர்நீர் வழிகளிற் சேற்றடைப்பு, மாக்னெட்டோவின் கம்பிச் சுருளில் ஈரம், எண்ணெய்த் தொட்டியிற் துரு ஆகிய மூன்றையும் நீக்கிய பின்னரே ஓட்டிப் பார்த்தல் தகும். பெட்ரோல் ஆவி காற்றினும் கனமுடையது. அது படகின் அடிப்பள்ளத்தில் தங்கி நிற்கும். ஆகவே தொடக்குமுன் அறையைத் திறந்து காற்றோட்டம் கொடாதவன் தீயை அழைப்பவனாவான்.

யந்திரத்தையும் சுழலியின் தண்டையும் ஒரே நேர்கோட்டில் அமைத்தலை, படகு நீரில் மிதந்து ஊறிய பின்னரே முடிவாகச் செய்தல் வேண்டும். ஏனெனில் கரையிலிருந்த வடிவம் நீரிற் சிறிது மாறும். தண்டு உடலைவிட்டு வெளியேறும் இடத்திலுள்ள அடைப்பு, ஓடும்போது சொட்டுச் சொட்டாக நீர் கசிவது குற்றமன்று. அந்நீரே அதனைக் குளிர்விப்பது. அதை முற்றும் இறுக்கினால் தண்டு தேயும்.

நிலைபேறு

கனத்த பழைய யந்திரம் அடியிற் கிடந்து படகை நிலைநிறுத்துகின்றது. அதனை நீக்கி இலேசான புதியதை வைப்பதும், மேலே கூடமோ இருக்கைகளோ சேர்ப்பதும் கனத்தின் மையத்தை உயர்த்தும். பின்னர் மக்கள் ஒருபுறம் சாய்ந்து நின்றால் படகு மீளாது கவிழலாம். 2009 செப்டம்பர் 30-ஆம் நாள் தேக்கடியில் ‘ஜலகன்யகா’ என்னும் இரண்டடுக்குப் படகு கவிழ்ந்து 45 பேர் உயிரிழந்தனர். அது மரப்படகன்று, கண்ணாடியிழையாலான புதுப்படகு. புதுமை காவலன்று என்பதற்கு இத்துயரம் சான்று.

எனவே வேலை முடிந்ததும், அறிந்த எடையைப் படகின் நடுவினின்று ஒருபுறமாக அளந்த தூரம் நகர்த்தி, தொங்கவிட்ட தூக்குநூல் எவ்வளவு விலகுகின்றதெனக் கணித்து, நிலைபேற்றை நிறுவுதல் வேண்டும். ஏற்றத்தகும் ஆள்தொகையை அக்கணக்கே உரைக்கும். உரிமையாளரின் ஆசை உரைக்கலாகாது.

பலர் புதுப்பித்தலை வண்ணப்பூச்சிலிருந்து தொடங்குகின்றனர். அவ்வண்ணம் உளுத்த மரத்தை மறைக்குமேயன்றி மாற்றாது. அடிமரம் முதலில், யந்திரம் அடுத்து, நிலைபேற்றின் சோதனை அதன்பின், வண்ணம் இறுதியில் என்னும் வரிசையைக் காப்பவனே படகைப் புதுப்பித்தவனாவான். அவ்வாறு புதுப்பித்த படகில் ஒரு தாய் தன் குழந்தையோடு அச்சமின்றி ஏறலாம்; அதுவே இவ்வுழைப்பின் பயன்.