முதலாண்டு மாணவரை நூலகத்துக்குப் பழக்க...

கல்லூரி ஆசிரியர்களுக்கும் நூலகர்களுக்கும் சில பயனுள்ள குறிப்புகள்:

1. கல்லூரி திறந்த வாரத்தில் எல்லாரையும் ஒரே கூடத்தில் உட்காரவைத்து நூலக அறிமுகம் நடத்துவதை விட்டுவிடுங்கள். பஸ் பாஸ், விடுதி அறை, உதவித்தொகை விண்ணப்பம் என்று அலையும் பிள்ளைக்கு அன்று சொல்வது எதுவும் மனதில் தங்காது. எத்தனை மணிக்குத் திறக்கும், எத்தனை புத்தகம் எடுக்கலாம், நூலகர் யார் என்பது மட்டும் அன்றைக்குப் போதும். மற்றதெல்லாம் முதல் அசைன்மென்ட் கொடுக்கும் வாரத்தில். தேட ஒரு காரணம் இருந்தால்தான் தேடும் வழி மனதில் ஏறும்.

2. தலைப்பைக் கேள்வியாக மாற்றிய பிறகே கணினி முன் உட்காரவிடுங்கள். ‘நீர் மாசு’ என்று தேடினால் வந்து குவிவதில் எதை எடுப்பது என்று தெரியாமல், முதலில் கண்டதை அப்படியே எழுதிவிடுவார்கள். ‘2011இல் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூட உயர் நீதிமன்றம் உத்தரவிட்ட பிறகு நொய்யலில் என்ன மாறியது?’ என்று கேட்டுப் பாருங்கள். ஊர், ஆறு, ஆண்டு, தொழில், வழக்கு எனத் தேடவேண்டிய சொற்கள் கேள்விக்குள்ளேயே இருக்கின்றன. ஒரு பாடவேளை முழுவதையும் இதற்கே கொடுக்கலாம். என்னைக் கேட்டால், மொத்தப் பயிற்சியில் பாதி இதுதான்.

3. அலமாரிக்கே அழைத்துப் போங்கள். டியூயி பகுப்பில் 494.811 தமிழ் மொழி, 894.811 தமிழ் இலக்கியம். எண்ணைப் பிடித்துப் போய் ஒரு புத்தகத்தை எடுக்கட்டும். அதன் இருபுறமும் இருப்பதையும் புரட்டட்டும். பட்டியலில் கண்ணில் படாத நல்ல நூல் பல சமயம் பக்கத்திலேயே இருக்கும். அலமாரிகள் வாசகருக்குத் திறந்திருக்க வேண்டும் என்று, சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் வெளிவந்த தம் நூலிலேயே வற்புறுத்தினார். இன்றும் துறை நூலகத்தைப் பூட்டி வைப்பவர்கள் தயவுசெய்து திறந்துவிடுங்கள்.

4. புத்தகத்தைப் பின்பக்கத்திலிருந்து பார்க்கச் சொல்லுங்கள். சொல்லடைவில் தம் பொருள் இருக்கிறதா, துணைநூற்பட்டியலில் வேறு எவை உள்ளன என்று பார்த்தாலே அடுத்த சில நூல்கள் கிடைத்துவிடும்.

5. விக்கிப்பீடியாவைத் தடைசெய்யாதீர்கள், ஒளிந்து பார்ப்பார்கள், அவ்வளவுதான். கட்டுரையின் அடியில் உள்ள மேற்கோள்களைத் திறந்து படிக்கக் கற்றுக்கொடுங்கள். செயற்கை நுண்ணறிவுச் செயலிகள் இல்லாத நூலையும் இருப்பதுபோல் சொல்லும். அவை தந்த ஒவ்வொரு நூற்பெயரையும் நூலகப் பட்டியலில் சரிபார்க்கச் சொல்லி, வகுப்பிலேயே செய்து காட்டுங்கள்.

6. சோத்கங்கா தளத்தில் இந்தியப் பல்கலைக்கழகங்களின் முனைவர் பட்ட ஆய்வேடுகள் இலவசமாகக் கிடைக்கின்றன. முழுவதையும் படிக்கச் சொன்னால் மிரண்டுவிடுவார்கள். முன்னுரையும் முன்னாய்வுகள் பற்றிய இயலும் போதும். உங்கள் கல்லூரி, மின்னிதழ்களைத் தரும் என்-லிஸ்ட் திட்டத்தில் இருந்தால் மாணவர்களுக்கும் பயனர் கணக்கு வாங்கிக் கொடுங்கள். மின்னிதழ்களுக்குக் கல்லூரி வழி செய்திருப்பது தெரியாமலே பட்டம் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள்.

7. தமிழ்ப் பெயர்களைப் பல வடிவில் தேடப் பழக்குங்கள். பாரதி, பாரதியார், சுப்பிரமணிய பாரதி, இவற்றோடு ஆங்கில எழுத்தில் இரண்டு மூன்று விதம். பழைய தமிழ் நூல், இதழ் என்றால் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், சென்னை ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம்; ஈழத்து வெளியீடுகளுக்கு நூலகம் நிறுவனத்தின் தளம்.

8. கைபேசியில் பக்கத்தைப் படமெடுக்கும் முன், தலைப்புப் பக்கத்தையும் அதன் பின்பக்கத்தையும் எடுத்துவிட வேண்டும். ஆசிரியர், பதிப்பகம், ஆண்டு எல்லாம் அங்கேதான் இருக்கும்.

9. வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்கு வந்த பிள்ளை கவுன்டரில் நின்று கேட்கக் கூச்சப்படும். ஒருமுறை கடிந்து அனுப்பினால் மூன்றாண்டும் அந்தப் பக்கம் வராது. அது கேட்கும்வரை காத்திருக்காதீர்கள், நூலகரே எழுந்து வந்து, “என்னப்பா தேடுற?” என்று கேட்கட்டும். ஆசிரியரும் முதல்முறை கூடவே போய் அறிமுகப்படுத்தட்டும்.

10. மாணவர் தாம் எங்கே தேடினார், எதைக் கைவிட்டார், ஏன் என்று ஒரு பக்கம் எழுதித் தரச் சொல்லி, அகமதிப்பீட்டில் அதற்கும் மதிப்பெண் கொடுங்கள். அதை ஆசிரியரும் நூலகரும் சேர்ந்து படியுங்கள். எந்த இடத்தில் பலரும் தடுமாறினார்களோ அங்கிருந்து அடுத்த வகுப்பைத் தொடங்கலாம்.