கம்பியில்லா இணையச் சேவை: சிறு ஸ்தாபனம் நடத்தும் முறை

ஸ்பெயின் தேசத்தின் வடகிழக்கில் கத்தலோனியா என்றொரு பகுதி உண்டு. அதில் ஒஸோனா என்னும் வட்டாரம் நம்மவர்க்குப் பரிச்சயமான இரு தொழில்களால் வளர்ந்தது. தேர் என்னும் ஆற்றின் ஓரமாக, நீர்விசையைக் கொண்டு பருத்தி ஆலைகள் ஓடின. ஆற்றை விட்டு விலகிய மேட்டு நிலங்களில் தனித்தனிப் பண்ணை வீடுகள் இருந்தன. வீட்டுக்கும் வீட்டுக்கும் இடையே வயலும் தோப்புமாகத் தூரம் மிகுதி. 2004-ஆம் ஆண்டு வாக்கில் நகரங்களில் வேகமான இணையம் வந்துவிட்டது. ஆனால் இந்தப் பண்ணைகளுக்குக் கம்பி இழுப்பதால் லாபம் இராது என்று தொலைபேசிக் கம்பெனிகள் கருதின. லாபம் இராது என்று அவர்கள் போட்ட கணக்கு, அவர்கள் அளவில் தவறன்று. ஆயின் கம்பெனிக்கு லாபமில்லாத காரியம் ஊருக்கும் பயனற்றதாகிவிடுமா என்பது வேறு கேள்வி.

அவ்வட்டாரத்தில் குர்ப் என்னும் ஊரைச் சேர்ந்த ரமோன் ரோக்கா என்னும் பொறியியல் வல்லுநரும் அவருடைய அண்டை அயலாரும் அந்த ஆண்டிலேயே ஒரு வேலையைத் தொடங்கினர். கூரையின்மேல் சிறு ஆன்டெனாவை நிறுத்தி, இணையம் கிடைத்த இடத்திலிருந்து கிடைக்காத இடத்திற்கு வான் வழியே அதனைக் கொண்டுவந்தனர். அவரவர் கூரைச் சாதனத்தை அவரவரே விலைகொடுத்து வாங்கினர். ஒருவர் கூரை வழியே மற்றொருவர்க்குச் செய்தி செல்ல இடங்கொடுக்க வேண்டும் என்பது ஏற்பாடு. 'குய்ஃபி' என்று பெயர் பெற்ற அந்த வலை பிற்காலத்தில் 30,000-க்கும் மேற்பட்ட இணைப்பிடங்களாகப் பெருகிற்று. இத்தகைய ஸ்தாபனத்தை எவ்விதம் நடத்துவது என்பதே நாம் இம்மாதம் எடுத்துக்கொண்ட பாடம்.

முதலில் இத்தொழிலின் சாரத்தை அறிவோம். நூல் விற்கும் ஆலையிடம் சங்கம் சிப்பமாக வாங்கி, அங்கத்தினர்க்குக் கட்டுக் கட்டாகப் பிரித்துக் கொடுப்பதை நாம் அறிவோம். சிறு இணைய ஸ்தாபனமும் அதுவே. பெரிய கம்பெனி ஒன்றிடம் ஒரு தடித்த இணைப்பை மொத்தமாக வாங்கி, உயரமான ஓரிடத்திலிருந்து ரேடியோ அலை மூலம் வீடுகளுக்குப் பகிர்வதுதான் அதன் வேலை. நூல் கிடங்கில் மிஞ்சினால் அடுத்த மாதம் விற்கலாம். இணையமோ கணந்தோறும் தீர்ந்துபோகும் சரக்கு. நள்ளிரவில் உபயோகிக்காததை மறுநாள் மாலைக்குச் சேர்த்துவைக்க இயலாது. ஆகவே மொத்த இணைப்பின் அளவை, ஊரார் யாவரும் ஒருங்கே அமரும் இரவு எட்டு மணி முதல் பத்து மணி வரையிலான தேவையைக் கொண்டே நிர்ணயிக்க வேண்டும். 200 வீடுகள் உள்ளன, அந்நேரத்தில் வீட்டிற்குச் சராசரி 2 மெகாபிட் செல்கிறது என்று வைத்துக்கொண்டால், 400 மெகாபிட் இணைப்பு வேண்டும். வீடு ஒவ்வொன்றுக்கும் 50 மெகாபிட் என்று சொல்லியிருப்போம். ஆயினும் எல்லோரும் ஒரே கணத்தில் முழு அளவையும் இழுப்பதில்லை. இதில் ஏமாற்று ஏதுமில்லை. மாலை நேரத்து அளவை வாரந்தோறும் குறித்துவைத்து, இணைப்பு நிரம்புமுன் பெரிதாக்காமல் இருந்தால்தான் அது ஏமாற்றாகும்.

அடுத்தது இடத் தேர்வு. ரேடியோ அலை செல்வதற்குக் கண்ணுக்குக் கண் தெரியும் நேர்பார்வை வேண்டும் என்பது பலரும் அறிந்ததே. அது மட்டும் போதாது என்பதைப் பலர் பணம் செலவழித்த பின்னரே அறிகின்றனர். அலை நூலிழைபோல் மெல்லிய கோடாகச் செல்வதில்லை. நடுவில் பருத்து இரு முனைகளிலும் ஒடுங்கிய தறிநாடாவின் வடிவத்தில் ஓரிடத்தை அடைத்துக்கொண்டு செல்கிறது. 5.8 கிகாஹெர்ட்ஸ் அலையை 10 கிலோமீட்டர் தூரம் அனுப்பினால், நடுவழியில் அந்த வடிவத்தின் பாதி அகலம் சுமார் 11 மீட்டர் ஆகும். அதில் ஐந்தில் மூன்று பங்காவது, அதாவது ஏறக்குறைய 7 மீட்டர், தடையின்றி இருத்தல் வேண்டும். பூமியின் வளைவே அவ்விடத்தில் ஒன்றரை மீட்டர் உயரத்தைத் தின்றுவிடும். ஆகவே தென்னந்தோப்பின் தலைக்கு மேலே எதிர்க்கோபுரம் தெரிகிறது என்று திருப்தியடைந்து வேலையைத் தொடங்கலாகாது. மரம் வளரும், இலையில் உள்ள நீர் அலையை உறிஞ்சும். வெயில் காலத்தில் இலையுதிர்ந்த மரத்தினூடே சோதித்துப் பார்த்துவிட்டு, மழைக்காலத்தில் இணைப்பு அறுந்ததென்று சாதனத்தின் மேல் பழி போடுவாரும் உளர்.

இனி, இத்தொழிலில் மிக நுட்பமானதும், கூட்டுறவாளராகிய நாம் ஊன்றிக் கவனிக்கவேண்டியதுமான விஷயத்திற்கு வருவோம். கோபுரத்தின் மேல் வைக்கும் ஆன்டெனா ஒன்று 90 அல்லது 120 பாகைக்குள் அடங்கும் வீடுகள் யாவற்றிற்கும் பொது. அது எல்லா வீடுகளோடும் ஒரே சமயத்தில் பேசுவதில்லை. முறை வைத்துப் பேசுகிறது. வாய்க்கால் தண்ணீரை முறை வைத்துப் பாய்ச்சுவது போன்றதே இது. விவசாயிகளுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டுவதில்லை. பங்கிடப்படுவது தண்ணீரன்று, மடை திறந்திருக்கும் நேரம்.

கோபுரத்தருகே தடையின்றி இருக்கும் ஒரு வீட்டிற்கு நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் செய்தி செல்கிறது. புளியமரத்தின் பின்னால் இருக்கும் மற்றொரு வீட்டிற்கு அலை நலிந்து, 10 மெகாபிட் வேகமே கிடைக்கிறது. இருவரும் 10 மெகாபிட் அளவுள்ள ஒரே பாட்டைக் கேட்கிறார்கள் என்போம். முதல் வீட்டிற்கு அது நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்தில் முடிந்துவிடும். இரண்டாம் வீட்டிற்கு முழுதாக ஒரு நொடி பிடிக்கும். அந்த நொடியில் மற்ற வீடுகள் யாவும் காத்திருக்கும். ஆக, நலிந்த இணைப்புள்ள ஒரு வீடு, பத்து வீடுகளின் நேரத்தை எடுத்துக்கொள்கிறது. அந்த வீட்டார் செய்த குற்றம் ஏதுமில்லை. அவர்கள் வரம்பு மீறிச் செலவழிக்கவும் இல்லை. வாய்க்காலின் கடைமடையில் இருப்பது மட்டுமே அவர்கள் நிலை. முழு ஊரும் "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று முறையிடும்; மொத்த இணைப்பைப் பெரிதாக்கினாலும் முறையீடு குறையாது. ஏனெனில் குறை வாய்க்காலின் தலையில் இல்லை.

இதற்குத் தனியார் ஸ்தாபனங்கள் கண்ட எளிய வழி, அத்தகைய வீட்டிற்கு இணைப்பு இல்லை என்று சொல்லிவிடுவது. தொழில் நுணுக்கப்படி அது சரியே. இக்காலச் சாதனங்களில் வேறொரு வழியும் உண்டு. வீட்டுக்கு வீடு நேரத்தைச் சமமாகப் பங்கிடும்படி அமைத்துவிடலாம். அப்பொழுது மற்றவர்க்குத் தொல்லையில்லை. கடைமடை வீட்டார்க்கு மட்டும் பத்தில் ஒரு பங்கு சேவை கிடைக்கும். ஆனால் அவரும் அதே பங்குத்தொகை செலுத்தியவர், அதே மாதக் கட்டணம் கொடுப்பவர். சமநேரம் கொடுத்தோம், ஆகவே நியாயம் செய்தோம் என்று சங்கம் சொல்லிவிட முடியுமா?

நம் அபிப்பிராயம் இது. அந்த வீட்டில் ஆறு மீட்டர் இரும்புக் கம்பம் ஒன்றை நட்டு ஆன்டெனாவை மரத்துக்கு மேல் உயர்த்தினால், அல்லது அடுத்த தெருவில் பார்வை தெளிந்த ஒரு கூரையிலிருந்து மறு ஒலிபரப்புச் செய்தால், ஒன்பது வீடுகளின் நேரம் மிஞ்சுகிறது. மிச்சப்படும் நேரம் எல்லோர்க்கும் பொதுவாகையால், கம்பத்தின் செலவும் பொது நிதியைச் சேர்ந்ததே. அதை அவர் தலையில் மட்டும் கட்டுவது கணக்கின்படியும் தவறு. நிர்வாகக் குழுவில் இதனை எதிர்ப்பவர் நிச்சயம் இருப்பர், "எனக்கு யார் கம்பம் போட்டார்கள்?" என்று கேட்பர். அவர்களுக்கு மேற்சொன்ன நொடிக்கணக்கைக் காட்ட வேண்டும்.

மின்சாரத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வோம். கோபுரத்தின்மேல் நான்கு ரேடியோக்களும் ஒரு சுவிட்சும், ஒவ்வொன்றும் 10 வாட் வீதம், 50 வாட் இழுப்பதாகக் கொண்டால் நாளொன்றுக்கு 1.2 யூனிட் ஆகும். 12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி பாட்டரி ஒன்றில் அடங்குவதும் ஏறக்குறைய அதே 1.2 யூனிட்தான். ஆனால் ஈயப் பாட்டரியைப் பாதிக்குமேல் வடித்தால் அதன் ஆயுள் விரைவில் முடியும். ஆகவே மின்வெட்டில் 12 மணி நேரம் தாங்கும் என்றே கணக்கிடுக. ரேடியோவுக்குச் செய்தியும் மின்சாரமும் ஒரே கேபிளில் ஏறிச் செல்லும். அக்கேபிள் 100 மீட்டருக்கு மேற்படலாகாது. பெட்டிக்குள் நுழையுமுன் கேபிளைக் கீழ்நோக்கி ஒரு வளைவு வளைத்துவிட்டால் மழைநீர் அதன் வழியே உள்ளே வடியாது. இடிதாங்கியும் எர்த்தும் இல்லாமல் கோபுரம் எழுப்புவதைவிட எழுப்பாமலிருப்பதே மேல். இடுப்புவார் அணியாமல் எவரையும் மேலே ஏற்றக்கூடாது. "ஐந்து நிமிஷ வேலைதான்" என்று சொல்லும்போதுதான் விபத்து நேர்கிறது.

பணக் கணக்கிற்கு வருவோம். பாடத்திற்காகச் சில தொகைகளை நாமே வைத்துக்கொள்கிறோம். இவை எவ்வூர் விலையும் அல்ல. மொத்த இணைப்புக்கு மாதம் ரூ. 40,000. பணியாளர் இருவர்க்கு ரூ. 30,000. வாடகையும் மின்சாரமும் ரூ. 8,000. பழுதுபார்ப்பு ரூ. 4,000. ஆக ரூ. 82,000. 200 வீடுகளுக்குப் பகிர்ந்தால் வீட்டிற்கு ரூ. 410. பொதுக்குழுவில் உடனே ஒருவர் எழுந்து, கட்டணம் ரூ. 410 போதும், நாம் லாபத்திற்கா நடத்துகிறோம் என்று கேட்பார், கைதட்டலும் கிடைக்கும். ஆனால் கோபுரமும் சாதனங்களும் ரூ. 12 லட்சம் பெறும், ஐந்து ஆண்டு உழைக்கும் என்று கொண்டால், தேய்மானம் மாதம் ரூ. 20,000. அதைச் சேர்த்தால் கட்டணம் ரூ. 510. தறிக்கு அச்சும் விழுதும் தேய்வதைக் கண்ணால் காண்கிறோம். ரேடியோ தேய்வது கண்ணுக்குத் தெரியாது. நான்காம் ஆண்டு ஒன்றன்பின் ஒன்றாக அவை நின்றுபோகும்போது, கடன் வாங்க வேண்டும், அல்லது கம்பெனிக்கு விற்றுவிட வேண்டும். அந்த நூறு ரூபாயைத் தனிக் கணக்கில் வங்கியில் போட்டுவருதலே தற்காப்பு.

நிலுவையும் அவ்வாறே. 30 வீடுகள் கட்டணம் செலுத்தாவிடில் வருவாய் ரூ. 86,700 ஆகிவிடும், ரூ. 15,300 துண்டு விழும். அதைத் தேய்மான நிதியிலிருந்து எடுத்துச் சரிக்கட்டும் ஆசை பெரியது. தவணை கடந்தால் இணைப்பைத் தற்காலிகமாக நிறுத்தும் விதியை முதற் பொதுக்குழுவிலேயே நிறைவேற்றி, நிர்வாகக் குழுவினர் வீட்டிற்கும் அதையே அமல்செய்தால் பெரும்பாலும் நிலுவை எழாது.

மீண்டும் ஒஸோனாவுக்கு வருவோம். வலை பெருகப் பெருக, அதன்மீது வியாபாரம் செய்வோரும் வந்து சேர்ந்தனர். ஒருவர் முதல் போட்ட வழியில் மற்றொருவர் வாடிக்கையாளரைச் சேர்க்கலானார். இது பிணக்கில் முடியவேண்டிய நிலைமை. 2008-இல் அவ்வலைக்கென ஓர் அறநிலையம் அமைக்கப்பட்டது. வலை எல்லோர்க்கும் பொது, அதன் அமைப்பை யாவரும் அறியலாம், அதே நிபந்தனைக்கு உட்பட்டு யாரும் நீட்டலாம் என்று எழுத்தில் வகுத்தனர். வியாபாரிகளிடையே ஓர் ஈட்டுக் கணக்கும் ஏற்பட்டது. பொது வலையில் யார் எவ்வளவு முதலிட்டார், யார் எவ்வளவு உபயோகித்தார் என்று பதிந்து, மிகுதியாக உபயோகித்தவர் மிகுதியாக முதலிட்டவர்க்குத் தீர்த்துக்கொடுப்பர். 2009-இல் குர்ப்பிலேயே பண்ணைகளுக்குக் கண்ணாடியிழைக் கேபிள் பதிக்கத் தொடங்கினர். கம்பியில்லா அலை அவர்களுக்கு முதற்படியே. 2015-இல் ஐரோப்பிய கமிஷனின் அகலப்பட்டைப் பரிசும் அவ்வலைக்குக் கிடைத்தது.

தென்னாப்பிரிக்காவின் கிழக்குக் கேப் மாகாணத்தில் மங்கோசி என்னும் கிராமப் பகுதி, நம் நிலைமைக்கு இன்னும் அருகில் வருவது. அங்கே மேற்குக் கேப் சர்வகலாசாலையாரின் துணையோடு கிராமத்தார் 'சென்ஸெலேனி' என்னும் வலையை அமைத்தனர். 'நீங்களே செய்துகொள்ளுங்கள்' என்பது அவர்கள் மொழியில் அதன் பொருள். 2014-இல் அது கூட்டுறவுச் சங்கமாகப் பதிவாயிற்று. சூரிய ஒளியால் இயங்கும் கூரைச் சாதனங்களின் பாட்டரிகளைக் கொண்டே, மின்சாரமற்ற ஊராரின் கைபேசிகளுக்கு மின்னேற்றித் தந்து அவர்கள் வருவாய் தேடினர். லைசென்ஸ் கட்டணம் அவர்கள் சக்திக்கு மீறியதாகையால், அந்நாட்டு ஒழுங்குமுறை ஆணையத்திடம் விலக்கு பெற்ற பின்னரே சேவை நடத்தினர்.

இந்தியாவில் 2005-இல் 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையையும், 2018-இல் 5 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் பெரும்பகுதியையும், குறிப்பிட்ட சக்திக்கு உட்பட்டு லைசென்ஸ் இன்றி உபயோகிக்க மத்திய அரசு இடமளித்தது. அலை இலவசம் என்பதால் இணையத்தை விற்பதும் தடையற்றது என்று எண்ணலாகாது. அதற்கு மத்திய தொலைத்தொடர்புத் துறையின் அனுமதி தனியே வேண்டும். 2020 டிசம்பரில் மந்திரிசபை ஒப்புக்கொண்ட பி.எம். வாணி திட்டம் இதில் ஒரு சிறு வாயிலைத் திறந்துள்ளது. அத்திட்டத்தின்கீழ்க் கடையிலோ சங்கக் கட்டடத்திலோ பொது வைஃபை நிலையம் நடத்துவோர்க்கு லைசென்ஸும் வேண்டாம், கட்டணமும் வேண்டாம். அத்தகைய நிலையங்களை ஒன்றுதிரட்டும் ஸ்தாபனம் பதிவு செய்துகொள்ள வேண்டும். கோபுரத்திற்கு இடம் பார்க்குமுன், இவ்விரண்டில் எந்த வழியில் செல்வது என்பதை நிர்வாகக் குழு தீர்மானமாக எழுதிக்கொள்வது நலம். ஏனெனில் முதல் வழிக்கு வேண்டிய முதலும் இரண்டாம் வழிக்கு வேண்டிய முதலும் ஒன்றல்ல.