பெயர் முன்னே செல்கிறது

முன்னுரை

பள்ளியை விட்டு நீங்கும் மாணவி ஒவ்வொருத்தியும் கையில் ஒரு மாற்றுச் சான்றிதழைக் கொண்டு செல்கிறாள். பிறந்த தேதி, படித்த வகுப்பு, சேர்ந்த நாள், நீங்கிய நாள் என்பனவற்றோடு "நடத்தை" என்று ஒரு வரியும் அதில் உண்டு. தலைமையாசிரியர் அவ்விடத்தில் எழுதும் "நன்று" என்னும் ஒரு சொல், அவளை அறியாத ஊரில் அவளுக்காகப் பேசும். இன்றோ அச்சொல்லைப் படிப்பதற்கு முன்பே, வேலை கொடுப்பவர் அவள் பெயரைக் கைபேசியில் தட்டிப் பார்த்துவிடுகிறார். மாணவி அலுவலக வாயிலை அடையுமுன் அவள் பெயர் உள்ளே போய் அமர்ந்து விடுகிறது. இது முறையா? இதனால் விளையும் நன்மை தீமைகள் யாவை? நாம் செய்யத்தக்கது யாது? இவற்றை இக்கட்டுரையில் ஆராய்வோம்.

விசாரிப்பது புதிதன்று

ஆளை அறிந்து வேலைக்கு வைப்பது என்றும் உள்ள வழக்கமே. லால்பேட்டையிலிருந்தும் சுற்றுப்புற ஊர்களிலிருந்தும் சிங்கப்பூருக்கும் மலேசியாவுக்கும் வளைகுடா நாடுகளுக்கும் சென்றவர் பலர், "இன்னார் மகன், இன்ன தெருக்காரன், நம்பலாம்" என்று முன்னே போனவர் ஒருவர் சொன்ன சொல்லால் சென்றவர்களே. அரசுப் பணிக்கு நன்னடத்தைச் சான்று கேட்பதும், காவல்துறையினர் விசாரிப்பதும் நாம் அறிந்தவை. கணிப்பொறித் துறையில் பணிபுரிவோருக்காக நாஸ்காம் என்னும் அமைப்பு 2006ஆம் ஆண்டில் தேசியத் திறன் பதிவேடு ஒன்றைத் தொடங்கியது. பணியாளர் தாமே பதிவு செய்துகொள்ள, அவருடைய படிப்பும் முன்னைய வேலையும் அதன்வழி சரிபார்க்கப்படுகின்றன.

இவ்விசாரணைகளில் மூன்று நன்மைகளைக் காண்கிறோம். கேட்பவர் யார் என்பது நமக்குத் தெரியும். எதைக் கேட்கிறார் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. தவறான செய்தி இருந்தால் எடுத்துச் சொல்லித் திருத்திக்கொள்ள வழியும் உண்டு. இணையத்தில் பெயரைத் தேடுவதில் இம்மூன்றும் இல்லை. யார் பார்த்தார், எதைப் பார்த்தார், என்ன நினைத்தார் என்பது பார்க்கப்பட்டவளுக்குத் தெரிவதேயில்லை. நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வரவில்லை என்பது மட்டுமே அவளுக்குத் தெரியும்.

இன்றைய தேடல்

அமெரிக்காவில் கேரியர்பில்டர் என்ற நிறுவனம் 2018ஆம் ஆண்டு ஒரு கணக்கெடுப்பு நடத்தியது. வேலை கொடுப்போரில் 100க்கு 70 பேர், விண்ணப்பித்தவரின் சமூக வலைத்தளப் பக்கங்களைப் பார்ப்பதாக அதில் கூறினர். அரசுகளும் இதையே செய்கின்றன. அமெரிக்க விசாவுக்கு விண்ணப்பிப்போர் கடந்த 5 ஆண்டுகளில் தாம் பயன்படுத்திய சமூக வலைத்தளக் கணக்குகளின் பெயர்களைத் தெரிவிக்க வேண்டும் என்ற விதி 2019 முதல் உள்ளது. 2025 ஜூன் மாதம் முதல் மாணவர் விசா கேட்போரும், அவ்வாண்டு டிசம்பர் முதல் எச்-1பி விசா கேட்போரும் தம் பக்கங்களை யாவரும் பார்க்கும்படி திறந்து வைக்குமாறு பணிக்கப்பட்டனர்.

வேலை கொடுப்பவர் மட்டுமா தேடுகிறார்? புதிதாக ஒருத்தி பணிக்கு வருகிறாள் என்றதும் உடன் பணிபுரிவோரும் தேடுகின்றனர். அவள் வந்து நாற்காலியில் அமர்வதற்குள் அவளைப் பற்றி ஒரு கதை அந்த அறையில் உலவத் தொடங்குகிறது. வேலை கொடுப்பவருக்கு ஒரு காரணமாவது உண்டு. பணத்தையோ, நோயாளியையோ, குழந்தையையோ அவர் இவளிடம் ஒப்படைக்கப் போகிறார். உடன் பணிபுரிவோருக்குப் பெரும்பாலும் வேடிக்கை பார்க்கும் ஆவலன்றி வேறு காரணம் இல்லை.

வளைகுடா கற்பித்த பாடம்

நம் பகுதியினர் மறக்கக்கூடாத நிகழ்ச்சி ஒன்று 2020ஆம் ஆண்டு ஏப்ரலில் நடந்தது. கொரோனா நோய் பரவிய அந்நாளில், ஐக்கிய அரபு அமீரகத்தில் பணிபுரிந்த இந்தியர் சிலர் இஸ்லாமியரை இழிவுபடுத்தும் சொற்களைச் சமூக வலைத்தளங்களில் எழுதினர். அவை அவர்களுடைய நிறுவனங்களின் பார்வைக்கு வந்தன, வேலை பறிபோயிற்று. அப்போது அங்கு இந்தியத் தூதராக இருந்த பவன் கபூர், இரு நாடுகளும் பாகுபாடு காட்டாமை என்னும் நெறியைப் போற்றுபவை என்பதை அங்குள்ள இந்தியர் நினைவிற்கொள்ள வேண்டும் என்று ஏப்ரல் 20ஆம் நாள் அறிவுறுத்தினார்.

தம் நண்பருக்காக எழுதியதாகவே அவர்கள் எண்ணியிருக்கக்கூடும். ஆயினும் இணையத்தில் எழுதுவது திண்ணைப் பேச்சன்று. அது சுவரில் எழுதி ஒட்டிய அறிக்கை. பிற சமயத்தாரையும் பிற சாதியாரையும் புண்படுத்தும் சொல்லை எழுதியவர் அதற்குப் பொறுப்பேற்கத்தான் வேண்டும். ஆனால் தேடலில் அகப்படுவன எல்லாம் இத்தகைய சொற்கள்தாமா? அல்ல. அங்கேதான் ஆபத்து தொடங்குகிறது.

திறமையை மறைக்கும் திரை

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆய்வாளர் இருவர் அமெரிக்காவில் செய்த ஆய்வு ஒன்று 2020ஆம் ஆண்டில் வெளியாயிற்று. கற்பனை விண்ணப்பதாரர் பெயரில் 4000க்கும் மேற்பட்ட நிறுவனங்களுக்கு அவர்கள் விண்ணப்பம் அனுப்பினர். விண்ணப்பத்தில் சமயம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. இணையப் பக்கத்தில் மட்டும் ஒருவர் கிறிஸ்தவர் என்றும், மற்றொருவர் இஸ்லாமியர் என்றும் தெரியும்படி அமைத்தனர். நாடு முழுவதையும் சேர்த்துப் பார்த்தபோது பெரிய வேறுபாடு தென்படவில்லை. ஆனால் குடியரசுக் கட்சிக்குச் செல்வாக்கு மிகுந்த மாநிலங்களில், இஸ்லாமியராகக் காட்டப்பட்டவருக்கு நேர்முகத் தேர்வு அழைப்புகள் மிகக் குறைவாகவே வந்தன. இருவருடைய படிப்பும் திறமையும் ஒன்றே!

நேர்முகத் தேர்வில் கேட்கக் கூசும் கேள்விகளுக்கு இணையம் ஓசையின்றி விடை தந்துவிடுகிறது. சமயம், சாதி, திருமணம், குழந்தை, உடல்நலம் ஆகியவை வேலைத் திறமைக்குத் தொடர்பற்றவை. எனினும் பார்த்த கண் பார்த்ததை மறப்பதில்லை. இக்குறை அமெரிக்காவுக்கு மட்டும் உரியதென்று நாம் எண்ணிவிடலாகாது.

ஒரு பெயர், பல பெண்கள்

தமிழ்ப் பெயருக்கு இன்னொரு தொல்லையும் உண்டு. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தந்தையின் முதலெழுத்தே உண்டு. மேரி, ஃபாத்திமா, லட்சுமி என்னும் பெயர்கள் ஊருக்கு ஊர், தெருவுக்குத் தெரு இருக்கின்றன. ஃபாத்திமாவை ஆங்கிலத்தில் எஃப் என்னும் எழுத்தில் தொடங்குவோரும் உண்டு, பி என்னும் எழுத்தில் தொடங்குவோரும் உண்டு. நடுவே எச் சேர்ப்போரும் உண்டு. மதிப்பெண் பட்டியலில் முதலெழுத்தாக நின்ற தந்தை பெயர், கடவுச்சீட்டில் விரிந்து குடும்பப் பெயர்போல அமர்ந்துவிடுகிறது. இந்நிலையில் ஒருத்தியைத் தேடுபவர் மற்றொருத்தியைக் கண்டு தீர்ப்புச் சொல்லிவிட முடியும். யாரோ செய்த குற்றத்துக்கு யாரோ தண்டனை பெறுவது நீதியாகுமா?

மறக்காத ஏடு

மனிதர் மறப்பர்; இணையம் மறப்பதில்லை. இதற்குத் தமிழ்நாட்டு வழக்கு ஒன்றே சான்று. ஒரு குற்ற வழக்கில் கீழ் நீதிமன்றம் தண்டித்த ஒருவரை, சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2014ஆம் ஆண்டில் விடுதலை செய்தது. ஆயினும் இணையத்தில் அவர் பெயரைத் தேடியவர் முன் அந்த வழக்கே வந்து நின்றது. தீர்ப்பிலிருந்து தம் பெயரை நீக்க வேண்டும் என்று அவர் முறையிட்டார். அதற்குரிய சட்டம் இல்லை என்று 2021 ஆகஸ்ட் 3ஆம் நாள் தனி நீதிபதி மறுத்தார். மேல்முறையீட்டில் இரு நீதிபதிகள் 2024 பிப்ரவரி 27ஆம் நாள் பெயரை மறைக்க ஆணையிட்டனர். அவ்வாண்டு ஜூலையில் உச்சநீதிமன்றம் அவ்வாணையை நிறுத்தி வைத்தது. நீதிமன்றத் தீர்ப்புகள் பொதுமக்கள் அறிய வேண்டியவை. விடுதலை பெற்றவர் மானத்தோடு வாழ வேண்டியதும் முறையே. இவ்விரண்டையும் எப்படிப் பொருத்துவது என்பது அறிஞர்க்கும் அரிய வினாவாகவே உள்ளது.

ஐரோப்பாவில் இதற்கு ஒரு வழி பிறந்தது. ஸ்பெயின் நாட்டவர் ஒருவருடைய பழைய கடன் பற்றி 1998ஆம் ஆண்டில் ஒரு நாளிதழில் வெளியான ஏல அறிவிப்பு, பல ஆண்டுகள் கழிந்த பின்னும் கூகுளில் வந்துகொண்டிருந்தது. 2014 மே 13ஆம் நாள் ஐரோப்பிய ஒன்றியத்தின் நீதிமன்றம், பொருத்தம் இழந்துபோன இத்தகைய செய்திகளைப் பெயர்த்தேடலில் காட்டாதிருக்கக் கோரும் உரிமை மக்களுக்கு உண்டு என்று தீர்ப்பளித்தது.

நம் நாட்டுச் சட்டம்

அந்தரங்கம் அரசியலமைப்பின் 21ஆம் பிரிவு காக்கும் அடிப்படை உரிமை என்று, 2017 ஆகஸ்ட் 24ஆம் நாள் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2023ஆம் ஆண்டில் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் இயற்றப்பட்டது. அதன் விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. 18 வயது நிரம்பாதோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்பது அதில் ஒரு பகுதி. ஆனால் மாணவியர் ஊன்றிப் படிக்க வேண்டிய இடம் வேறொன்று. ஒருவர் தாமே எல்லாரும் காண வெளியிட்ட விவரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. கதவைத் திறந்து வைத்தவர் நாமானால், காவலுக்குச் சட்டம் வராது.

நாம் செய்யத்தக்கவை

"அப்படியானால் பெண் பிள்ளைக்குக் கைபேசியே வேண்டாம்" என்று சில பெற்றோர் கூறுவர். அவர்களுடைய அச்சம் நமக்குப் புரிகிறது. ஆனால் கைபேசியே இல்லாத பெண்ணின் படமும், திருமண வீட்டுக் காணொளியிலும் உறவினர் பக்கத்திலும் ஏறிவிடுகிறது. மறைத்து வைப்பது காவலாகாது, கற்பிப்பதே காவல். ஆகவே பின்வருவனவற்றைக் கைக்கொள்வோம்.

1. நம் பெயரை நாமே இணையத்தில் தேடிப் பார்ப்போம். ஆண்டுக்கு இருமுறையேனும் இது நலம்.

2. மதிப்பெண் பட்டியல், ஆதார், கடவுச்சீட்டு, விண்ணப்பம் ஆகிய யாவற்றிலும் பெயரின் எழுத்துகள் ஒன்றாக இருக்கும்படி பார்த்துக்கொள்வோம்.

3. நம் பக்கங்களை அறிந்தவர் மட்டும் காணும்படி அமைப்போம். வகுப்பறையில் எழுந்து நின்று உரக்கப் படிக்கக் கூசும் எதையும் இணையத்தில் எழுதாதிருப்போம்.

4. தோழியின் படத்தை அவளைக் கேளாமல் வெளியிடாதிருப்போம். ஒருவரைக் கேளாமல் படமெடுப்பது அமீரகத்தில் தண்டனைக்குரிய குற்றமாகும்.

5. கடவுச்சொல்லை யார் கேட்டாலும் கொடுக்கலாகாது. வேலை கொடுப்போர் இவ்வாறு கேட்பதை 2012ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலம் சட்டத்தால் தடுத்தது.

6. நம் பெயரில் பொய்யோ கெட்ட படமோ உலவினால் அஞ்சி ஒளிய வேண்டா. பெற்றோரிடமும் ஆசிரியரிடமும் உடனே சொல்லுவோம். 1930 என்னும் எண்ணில் இணையக் குற்றப் புகார் செய்வோம். அந்நேரத்தில் பெற்றோர் மகளைக் கடிந்துகொள்வாரானால், அடுத்த முறை அவள் சொல்லவே மாட்டாள்.

தேடுவோர் கடமை

தேடப்படுபவளுக்கு மட்டும் அறிவுரை கூறி முடித்தால் அது பாதி நீதியே. இன்றைய மாணவியர் நாளை மருத்துவமனையிலும் பள்ளியிலும் அலுவலகத்திலும் பிறரை வேலைக்குத் தேர்ந்தெடுக்கும் இடத்தில் அமர்வர். அவர்களுக்குத் திருக்குறளில் "தெரிந்து தெளிதல்" என்னும் 51ஆம் அதிகாரமே உள்ளது. ஆராயாமல் ஒருவரை நம்பாதே என்கிறார் வள்ளுவர். ஆகவே ஆராய்வது குற்றமன்று. ஆனால் நல்லது கெட்டது இரண்டையும் எடைபோட்டு எது மிகுதியோ அதைக் கொள்ளுமாறும் அவர் கூறுகிறார். இணையத் தேடலோ ஒரு தட்டை மட்டும் நிறைத்துக் காட்டும் தராசு. ஆராய்ந்து நம்பிய பின் ஒருவரை ஐயுறுவதும் தீராத் துன்பம் தரும் என்பது அவ்வதிகாரத்தின் முடிவு. பணியில் சேர்ந்துவிட்டவளைத் துருவித் துருவித் தேடும் உடன் பணியாளர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

எனவே தேடுவோர் வேலைக்குத் தொடர்புள்ளதை மட்டும் பார்க்கட்டும். ஐயம் எழுந்தால் அவளையே அழைத்து, "இது நீங்கள்தானா? இதற்கு என்ன சொல்கிறீர்கள்?" என்று கேட்கட்டும். அந்த ஒரு கேள்வி, ஆள்மாறாட்டத்தையும் பொய்யையும் பழைய கதையையும் களைந்துவிடும்.

முடிவுரை

பெயர் நமக்கு முன்னே செல்லும் காலம் இது. அதைத் தடுத்து நிறுத்த நம்மால் இயலாது. அது தூய்மையாகச் செல்லுமாறு பார்த்துக்கொள்ள இயலும். பிறர் பெயர் நம்மிடம் வரும்போது, பெயரை மட்டும் கொண்டு தீர்ப்புச் சொல்லாமல் ஆள் வரும்வரை பொறுத்திருக்கவும் நம்மால் இயலும். தலைமையாசிரியர் "நன்று" என்று எழுதியது பல ஆண்டுகள் நம்மைக் கண்ணாரக் கண்ட பிறகே. கண நேரம் திரையைப் பார்த்தவர் அதைவிட மேலான சான்று எழுதிவிட முடியுமா? சிந்திப்போம்.