மின் உலர்த்தி: உறுப்புகளை இனங்காணுதலும் பராமரிப்பும்

முருங்கை இலை, மிளகாய், வாழைக்காய், நெல்லி போன்ற விளைபொருள்களை உலர்த்தி விற்பதால் உழவர்களுக்கும் மகளிர் குழுக்களுக்கும் கூடுதல் வருமானம் கிடைக்கிறது. ஆயினும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் வெயிலை நம்பிக் களத்தில் காயவைக்க இயலாது. மெதுவாகக் காயும் மிளகாயில் பூசணம் பற்றி, அப்ளாடாக்சின் என்னும் நச்சுப்பொருள் உண்டாகக்கூடும். முருங்கை இலை பச்சை நிறத்தை இழந்து பழுப்பாகிவிடும். இக்காரணங்களால் தட்டுகள் அடுக்கிய மின் உலர்த்திகள் சிற்றூர்களிலும் பயன்பாட்டுக்கு வந்துள்ளன.

கருவியை வாங்கினால் மட்டும் போதாது. அதன் உறுப்புகளை அறிந்து பராமரித்தால்தான் போட்ட முதல் திரும்பும். கட்டுரையாளர் ஒரு சிற்றூரில் கண்ட நிகழ்ச்சி இதற்குச் சான்றாகும். அங்கு ஒரு மகளிர் குழுவின் உலர்த்தியில் மூன்று சூடேற்றும் காயில்களில் ஒன்று எரிந்து போயிருந்தது. விசிறி சுற்றியது, அனல் காற்றும் வந்தது. ஆகவே கருவி நன்றாக இருக்கிறது என்றே எண்ணியிருந்தனர். ஆனால் இலை நிறம் மாறி, வாங்குபவர் இரண்டு முறை சரக்கைத் திருப்பி அனுப்பிவிட்டார். குறை இலையில் இல்லை, காயிலில் இருந்தது என்பது பின்னரே தெரிந்தது.

ஒரு காயில் பழுதானால் என்ன ஆகும்?

20 கிலோ முருங்கை இலையில் 75 சதம் ஈரம் இருப்பதாகக் கொள்வோம். அதில் நீர் 15 கிலோ; உலர் பொருள் 5 கிலோ. ஈரத்தை 7 சதமாகக் குறைத்தால் சுமார் 5.4 கிலோ உலர்ந்த இலை கிடைக்கும். அதாவது 14.6 கிலோ நீரை வெளியேற்ற வேண்டும். ஒரு கிலோ நீரை ஆவியாக்க ஏறத்தாழ 0.67 யூனிட் மின்சக்திக்கு ஈடான வெப்பம் தேவை. ஆக, மொத்தம் சுமார் 9.8 யூனிட்.

ஒவ்வொன்றும் 1000 வாட் கொண்ட மூன்று காயில்களும் இயங்கினால் இவ்வெப்பத்தைத் தர மூன்றே கால் மணி நேரம் ஆகும். ஒன்று பழுதாகி இரண்டே இயங்கினால் ஐந்து மணி நேரம் ஆகும். வெளியேறும் காற்றோடும் பெட்டியின் சுவர் வழியாகவும் வெப்பம் வீணாவதால் நடைமுறையில் இதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும். அவ்வளவு நேரமும் இலை ஈரத்துடன் வெதுவெதுப்பில் கிடப்பதே நிறம் கெடக் காரணம்.

குறைந்த மின்னழுத்தமும் இதே விளைவைத் தரும். 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்ட காயிலுக்கு 180 வோல்ட் மட்டுமே கிடைத்தால் அது தரும் வெப்பம் சுமார் 61 சதமாகக் குறைந்துவிடும். எனவே உலர்த்த நேரம் கூடினால் முதலில் மின்னழுத்தத்தையும், அடுத்துக் காயில்களையும் பார்க்க வேண்டும்.

உறுப்புகளை இனங்காணுதல்

கருவியின் பின்புறம் அல்லது பக்கவாட்டில் உள்ள பெயர்த் தகட்டில் மாடல் எண், வரிசை எண், வோல்ட், வாட் ஆகியவை பொறிக்கப்பட்டிருக்கும். கருவி புதிதாக இருக்கும்போதே இவற்றை ஒரு குறிப்பேட்டில் எழுதி வைக்க வேண்டும். சில ஆண்டுகளில் தகடு மங்கிவிடக்கூடும். உதிரி உறுப்பு வாங்கச் செல்லும்போது குறிப்பேட்டையும் பழைய உறுப்பையும் உடன் கொண்டு செல்லுதல் நல்லது.

1. சூடேற்றும் காயில்: நீளம், குழாயின் குறுக்களவு, வளைவின் வடிவம், முனைத் திருகின் அளவு ஆகியவற்றுடன் வோல்ட், வாட் இரண்டும் பொருந்த வேண்டும். நீளம் ஒத்திருப்பதால் மட்டும் ஒரே காயில் ஆகிவிடாது. மின் இணைப்பை முற்றிலும் துண்டித்து, காயிலின் முனைக் கம்பிகளைக் கழற்றிய பின் மல்டிமீட்டரால் மின்தடையை அளக்கலாம். 230 வோல்ட், 1000 வாட் காயில் 50 முதல் 55 ஓம் வரையிலும், 2000 வாட் காயில் 25 முதல் 28 ஓம் வரையிலும் காட்டும். அளவு ஒன்றும் காட்டாவிடில் உள்ளே கம்பி அறுந்துவிட்டது எனக் கொள்ளலாம்.

2. விசிறியும் மோட்டாரும்: மோட்டார் பேரிங்கின் பக்கவாட்டில் அதன் எண் இருக்கும். சான்றாக, 6202 என்றால் உள்விட்டம் 15 மி.மீ., வெளிவிட்டம் 35 மி.மீ.; 6203 என்றால் முறையே 17 மி.மீ., 40 மி.மீ. கெபாசிட்டரை மாற்றும்போது மைக்ரோபாரட் அளவு பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். வோல்ட் அளவு பழையதைவிடக் குறையக் கூடாது. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் கெபாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும். ஆதலால் அதை மின்பணியாளர் வெறுமையாக்கிய பின்னரே தொட வேண்டும்.

3. பெல்ட்: பெல்ட்டால் ஓடும் விசிறியாயின், பெல்ட்டின் முதுகில் ஏ 36 என்பது போல எழுதியிருக்கும். ஏ என்பது மேற்புறம் 13 மி.மீ. அகலமுள்ள வகையையும், 36 என்பது உட்சுற்றின் நீளத்தை அங்குலத்திலும் குறிக்கும்.

4. வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் உணர்முனையும்: இவ்விரண்டும் ஒரே வகைக்கு ஏற்றவையாக இருத்தல் வேண்டும். பிடி 100 வகை உணர்முனைக்கு உரிய கருவியில் கே வகை உணர்முனையை இணைத்தால் வெப்பநிலை தவறாகவே காட்டும்.

5. வெப்பத் துண்டிப்பான்: அளவு மீறிச் சூடேறினால் மின்சாரத்தை நிறுத்தும் காவலன் இது. துண்டிக்கும் வெப்பநிலை அதன் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதே அளவுள்ளதையே மாற்ற வேண்டும். இதை நீக்கிவிட்டுக் கம்பியால் நேரடியாக இணைப்பது தீ விபத்தை வரவழைப்பதாகும்.

6. கதவு ரப்பர்: கதவுக்கும் சட்டத்திற்கும் இடையே ஒரு தாளை வைத்து மூடி இழுத்துப் பார்க்கலாம். தாள் எளிதில் வந்துவிட்டால் அவ்விடத்தில் அனல் காற்று கசிகிறது என்பது பொருள்.

பராமரிப்பு முறைகள்

நாள்தோறும்: முதலில் விசிறியையும் அடுத்துக் காயிலையும் இயக்க வேண்டும். வேலை முடிந்ததும் முதலில் காயிலை நிறுத்தி, விசிறியை மேலும் பத்து நிமிடம் ஓடவிட வேண்டும். காற்றோட்டம் இல்லாமல் சூடாக இருக்கும் காயில் விரைவில் கெடும். தட்டுகளைக் கழுவி, நன்கு உலர்ந்த பின்னரே உள்ளே வைக்க வேண்டும்.

வாரந்தோறும்: மின் இணைப்பைத் துண்டித்து, கருவி ஆறிய பின், காற்று நுழையும் வலையையும் காயிலின் மேற்பரப்பையும் மென்மையான தூரிகையால் சுத்தம் செய்ய வேண்டும். இலைத் துகளும் மிளகாய்ச் சருகும் காயிலில் படிந்தால் கருகித் தீப்பிடிக்கக்கூடும். வெளிநாட்டு வீடுகளில் துணி உலர்த்தும் மின்கருவிகளும் இதே அமைப்புடையவையே. அவற்றில் பஞ்சுத் துகள் சேர்வது தீ விபத்துக்கு ஒரு முக்கியக் காரணம். மிளகாய் உலர்த்திய கருவியைச் சுத்தம் செய்யும்போது மூக்கையும் வாயையும் துணியால் மூடிக்கொள்ள வேண்டும்.

மாதந்தோறும்: பெல்ட்டின் இறுக்கம், விசிறியின் ஒலி, முனைத் திருகுகளின் இறுக்கம் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். தளர்ந்த திருகில் சூடேறிக் கம்பியின் உறை கருகும். கருவி காட்டும் வெப்பநிலையைத் தட்டின் அருகில் வைத்த வேறொரு வெப்பமானியுடன் ஒப்பிட வேண்டும். 50 முதல் 55 டிகிரி செல்சியசில் உலர வேண்டிய முருங்கை இலை அறியாமல் 70 டிகிரிக்குச் சென்றால் நிறமும் சத்தும் குறையும்.

பருவத் தொடக்கத்தில்: பல மாதம் ஓடாமல் இருந்த காயிலின் உள்ளே ஈரம் புகுந்திருக்கலாம். அதனால் இயக்கியவுடன் மின் துண்டிப்புக் கருவி விழும். மின்பணியாளரைக் கொண்டு மெகர் கருவியால் மின்கசிவு உண்டா எனச் சோதித்து, ஈரம் போக்கிய பின்னரே பயன்படுத்த வேண்டும். எலி கடித்த கம்பி உள்ளதா என்றும் பார்க்க வேண்டும்.

குறைகளும் காரணங்களும்

விசிறி ஓடியும் வெப்பம் வராவிடில் காயில், வெப்பத் துண்டிப்பான், கட்டுப்பாட்டுக் கருவி ஆகிய மூன்றில் ஒன்று பழுதாகியிருக்கலாம். மோட்டார் உறுமியும் சுற்றாவிடில் பெரும்பாலும் கெபாசிட்டர் கெட்டிருக்கும். அல்லது பேரிங் இறுகியிருக்கும். இந்நிலையில் காயிலை உடனே நிறுத்த வேண்டும். ஒரு பக்கத் தட்டுகள் மட்டும் காய்ந்தால் வலை அடைப்பையும், கதவுக் கசிவையும், தட்டுகளில் பொருளைத் தடிமனாகப் பரப்பியிருப்பதையும் கவனிக்க வேண்டும்.

உயிர்க் காப்பு

3000 வாட் கருவி சுமார் 13 ஆம்பியர் மின்னோட்டம் எடுக்கும். இதற்கு 16 ஆம்பியர் பிளக்கும் 2.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியும் தேவை. விளக்குக்குப் போட்ட மெல்லிய கம்பியில் இணைத்தல் கூடாது. நில இணைப்பு கட்டாயம் வேண்டும். அத்துடன் 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே மின்சாரத்தைத் துண்டிக்கும் பாதுகாப்புக் கருவியைப் பொருத்த வேண்டும். ஈரக் கையுடனும் ஈரத் தரையில் நின்றும் ஈர இலையைக் கையாளும் இடம் இது என்பதை மறத்தல் ஆகாது. கருவியைத் தொடும்போது சிறிது சுருக்கென்றாலும், அன்றைய சரக்கு வீணாகிறதே எனப் பாராமல் உடனே நிறுத்தி மின்பணியாளரை அழைக்க வேண்டும்.

ஒரு காயிலின் விலையை விட, திருப்பி அனுப்பப்பட்ட ஒரு முறைச் சரக்கின் இழப்பு அதிகம். ஆகவே குறிப்பேடு ஒன்றை வைத்து, ஒவ்வொரு முறையும் இட்ட எடை, எடுத்த எடை, ஆன நேரம் ஆகியவற்றை எழுதி வருவது நன்று. அதே பொருளுக்கு நேரம் கூடிக்கொண்டே போனால் கருவியில் குறை உள்ளது என்பதைச் சரக்கு கெடுமுன்னரே அறிந்து, உரிய உறுப்பை மாற்றி உழவர்கள் பயன்பெறலாம்.